போண்டாவைக் குளிப்பாட்டிய கோடை

மே 3, ஞாயிறு

நாய் வந்து ஒரு வாரம் ஆகிறது. பெயர் போண்டா. நான் வைத்ததல்ல, கொழுந்தன் பிரதீப் வைத்தது. அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. விமானம் ஏறுவதற்கு முன் பெங்களூரிலிருந்து காரில் வந்து, பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்ட இந்த லாப்ரடாரைப் பொள்ளாச்சியில் எங்கள் வாசலில் இறக்கிவிட்டான். “தங்கமானவன் அண்ணி. சோறு போட்டாப் போதும், வேற ஒரு தொந்தரவும் இருக்காது” என்றான். குளியலைப் பற்றி மூச்சே விடவில்லை.

இந்த நாய் நாறுகிறது. பழைய எண்ணெயை ஈரச் சாக்கில் ஊற்றி வெயிலில் போட்டு வைத்தது போல ஒரு வாடை. காலையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். அது வந்து காலடியில் படுத்தது. காபியை அப்படியே வாஷ்பேசினில் கொட்டிவிட்டேன்.

“ஏங்க, உங்களுக்கு நாறலையா?” என்று இவரைக் கேட்டேன். இவர் குனிந்து அதன் முதுகை மோந்து பார்த்தார். “நாய் வாசம் அடிக்குது சுகுணா. நாய்கிட்ட மல்லிகைப்பூ வாசமா அடிக்கும்?” கயிறு மில் நடத்துகிறவர், நாள் முழுக்கத் தேங்காய் நார்த் தூசியில் நிற்கிறவர். அவர் மூக்கின் சாட்சி செல்லாது.

அத்தையைக் கேட்டேன், இவருடைய அம்மாவை. “வாயில்லாச் சீவனை நாறுது கீறுதுங்காதே அம்மிணி” என்று அதற்கு இன்னொரு பிஸ்கட்டைப் போட்டார்.

பள்ளிக்கூடம் லீவு. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். விடை இல்லாத கணக்கு கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறவள். நாய் நாறினால் குளிப்பாட்ட வேண்டும். நாளைக்கே.

மே 4, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உச்சி வெயிலில் ஆரம்பித்தது முதல் தப்பு. பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போண்டாவை நிறுத்தி, ஹோஸ் பைப்பைத் திறந்து நேராகத் தலையில் பிடித்தேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர் மே மாதத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கொதித்தது. போண்டா ஒரு துள்ளு துள்ளியது. சங்கிலியை இவர் பிடித்திருந்தார். “இரு இரு இரு” என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஆறும்வரை விட்டுவிட்டு, நான் போடுகிற சீயக்காய் ஷாம்பு பாட்டிலில் பாதியை அதன் முதுகில் கவிழ்த்தேன். நுரையென்றால் அப்படி ஒரு நுரை. தலைக்கும் போட்டேன். கண்ணில் பட்டிருக்க வேண்டும். சங்கிலி இவர் கையை விட்டுப் போனதுதான் தெரியும். நுரை மூட்டையாகப் போண்டா சமையலறைக்குள் புகுந்து, ஹாலைக் கடந்து, எங்கள் கட்டிலில் ஏறிப் புரண்டது. துரத்திக்கொண்டு ஓடிய இவர் ஹால் டைல்ஸில் வழுக்கி, கால் இரண்டையும் நீட்டி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

அத்தை சிரித்தார். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “தாமு, அப்படியே இரு, எலை போடறேன்” என்றார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்து அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

சிரித்து முடித்ததும் தலை சுற்றியது. வெயில்.

மே 5, செவ்வாய்

வாடை போகவில்லை. இப்போது சீயக்காயும் சேர்ந்து நாறுகிறது.

மே 8, வெள்ளி

போண்டா இரண்டு நாளாகத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, காதைக் காலால் சொறிந்துகொண்டே இருந்தது. இவருடைய வேனில் ஏற்றிக் கால்நடை டாக்டரிடம் போனோம். டாக்டர் ஹேமலதா. குட்டை முடி, பெரிய குரல். எங்களுக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டியை அதட்டிக்கொண்டிருந்தார். அதே குரலில் எங்களையும் அதட்டினார்.

“காதுக்குள்ள தண்ணி போயிருக்குது. தலையில ஊத்தினீங்களா?”

“ஆமாங்க டாக்டர்.”

“என்ன சோப்பு போட்டீங்க?”

“நான் போடற ஷாம்புதாங்க.”

“அவனோட சோப்பை நீங்க போட்டுக் குளிப்பீங்களா? நம்ம தோல் வேற, அவன் தோல் வேற. நாய்க்குன்னு இருக்கறதை வாங்குங்க. அதையும் அப்படியே கவுக்காதீங்க, ஒரு மக் தண்ணியில கலக்கி ஊத்துங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கோணும். உங்க மணிக்கட்டுல ஊத்திப் பாருங்க, சுடுதுன்னா அவனுக்கும் சுடும். கால்ல இருந்து ஆரம்பிங்க. தலைக்கு ஊத்தவே வேண்டாம், ஈரத் துணியால தொடைச்சு விடுங்க. காதுல பஞ்சு, ரொம்ப உள்ள திணிக்காம. குளிச்சதும் மறக்காம எடுத்துருங்க. கீழ வழுக்காம ஒரு ரப்பர் மேட்டு.”

“வழுக்கறது எங்களுக்குத் தெரியுங்க” என்றார் இவர், இடுப்பைத் தடவிக்கொண்டு.

காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். காது ஆறிய பிறகு குளிப்பாட்டினால் போதும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அறையின் ஸ்பிரிட் வாடை எனக்குக் குடலைப் புரட்டியது. வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னல் வழியாக டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் பிடிக்காதவள் என்று நினைத்திருப்பார்.

மே 11, திங்கள்

அத்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வீட்டில் வெங்காயம் தாளிப்பதை நிறுத்திவிட்டார். “வெயில் காலத்துக்கு மோர்ச்சோறுதான் நல்லது” என்கிறார். பகலில் எலுமிச்சம்பழத்தில் உப்புப் போட்டுக் கரைத்து, கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறார். நான் தண்ணீர் வாளியைத் தூக்கினால் பிடுங்கிக்கொள்கிறார். அறுபத்தெட்டு வயதில் அவர் தூக்க, நான் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

போண்டாவைத் துடைக்கப் பழைய துண்டு வேண்டுமென்று ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினேன். துண்டு கிடைத்தது. கூடவே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஃபைலும் கையில் பட்டது. உள்ளே தள்ளிவிட்டேன். அந்தச் சமாசாரத்தை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு காலண்டரில் நான் எந்தத் தேதியையும் வட்டம் போடுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

கீழே பார்த்தால் அத்தை நிற்கிறார். “எறங்கு! எறங்குன்னு சொல்றேன்ல!” என்று ஒரே சத்தம்.

அத்தை என்னிடம் சத்தம் போடுகிறவர் இல்லை. ஒரே ஒரு முறை, சொந்தக்காரக் குழந்தையின் காதுகுத்தில், நாலு பேர் நடுவில், “எம் பேரனுக்கு எப்பக் காது குத்தப் போறே அம்மிணி?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. மற்ற பேச்சும் அளவாகத்தான்.

மே 16, சனி

இன்று வெற்றி.

காலைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, வெயில் ஏறாத நேரத்தில் ஆரம்பித்தோம். முதலில் இவர் சீப்பு போட்டுப் போண்டாவின் முடியைச் சீவினார். உதிர்ந்த முடியில் ஒரு தலையணை தைக்கலாம். கழுத்து மடிப்பில் இரண்டு உண்ணி இருந்தன. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி முள்வாங்கியால் வேரோடு பிடித்து, திருகாமல் இழுத்தார். காதில் பஞ்சு. கீழே ரப்பர் மேட்டு. அத்தை வெந்நீர் விளாவிக் கொடுத்தார். நான் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தேன்.

கால், தொடை, முதுகு என்று மெதுவாக ஊற்றினோம். போண்டா இவர் முழங்காலில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நடுங்கியது. இவர் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். “அவ்வளவுதாண்டா தங்கம், முடிஞ்சுதுடா, இதா இந்த வாளியோட செரி.” பதினொரு வருஷமாக இந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன், இப்படி ஒரு குரல் இவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. நான் கையில் மக்கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். “தண்ணி ஊத்து சுகுணா” என்று அவர் சொன்ன பிறகுதான் ஊற்றினேன்.

நுரை கொஞ்சமும் தங்காமல், கீழே ஓடுகிற தண்ணீர் தெளியும்வரை அலசினோம். முகத்தை ஈரத்துணியால் துடைத்தோம். பஞ்சை எடுத்தோம். துண்டால் ஒற்றி எடுத்து, அது உதறுவதற்குள் மூவரும் விலகிக்கொண்டோம். விலகியும் நனைந்தோம். அத்தை அதற்கு அவித்த முட்டை கொடுத்தார்.

காய்ந்தபின் போண்டா பொன்னாக மின்னியது. நான் முதல்முறையாக அதைக் கட்டிக்கொண்டேன். பட்டுப் போல இருந்தது. அதே நொடியில் வாடை வந்து அடித்தது, வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

இந்த நாய் உள்ளுக்குள்ளிருந்தே நாறுகிறதா?

மே 18, திங்கள்

மறுபடியும் குளிப்பாட்டலாமா என்று டாக்டருக்குப் போன் செய்தேன். “ஏங்க, இப்பத்தானே குளிச்சான்? அடிக்கடி குளிப்பாட்டினா தோல்ல இருக்கற எண்ணெய் போயிரும், வறண்டு சொறிய ஆரம்பிச்சிருவான். இன்னும் மூணு நாலு வாரம் ஆகட்டும்” என்றார். வைப்பதற்கு முன், “நீங்க நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டார். நாய்க்குத்தானே பிரச்சினை, என்னை எதற்குக் கேட்கிறார்?

மே 20, புதன்

சாப்பிட முடியவில்லை. தூங்கித் தூங்கி எழுகிறேன். புடவை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. எல்லாம் இந்த வாடையால்தான். இன்று இவரிடம் சொல்லிவிட்டேன்: “ஒண்ணு அது இருக்கட்டும், இல்லீன்னா நான் இருக்கறேன்.”

இவர், “உடுமலையில என்கூடப் படிச்ச சம்பத்துக்குத் தோப்பு இருக்குது. கேட்டுப் பாக்கறேன்” என்றார். போண்டா அவருடைய செருப்பில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்தில் நின்றது. சாயங்காலமானால் மில்லிலிருந்து அவர் வருகிற சத்தம் கேட்டு அப்படித்தான் கொண்டுவந்து நிற்கும்.

அத்தை மட்டும், “ஒரு பத்து நாள் பொறுத்துக்க அம்மிணி” என்றார்.

“பத்து நாள்ல நாத்தம் போயிருமா அத்தை?”

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். உள்ளே போய்விட்டார்.

மே 22, வெள்ளி

போண்டா போய்விட்டது. வேனின் முன் சீட்டில் ஏறி, ஊர்வலம் போகிறவன் போல வெளியே தலையை நீட்டிக்கொண்டு போனது. இவர் திரும்பி வந்து, “சந்தோசமாத்தான் எறங்கி ஓடுனான்” என்றார். சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மே 23, சனி

வீடு முழுக்கப் பினாயில் போட்டுக் கழுவினேன். கட்டில் விரிப்பு, திரைச்சீலை எல்லாம் துவைத்தாயிற்று.

இன்னும் நாறுகிறது.

மே 25, திங்கள்

நாய் போன பிறகும் அதன் வாடை எத்தனை நாள் வீட்டில் தங்கும் என்று கேட்பதற்காக டாக்டர் ஹேமலதாவிடம் போனேன். தனியாகத்தான் போனேன்.

“அவன் மேல அப்படி ஒரு வாடையே இல்லீங்களே. நானே மோந்து பாத்தேன்” என்றார். அப்புறம் என்னென்ன பிடிக்கவில்லை என்று கேட்டார். காபி, வெங்காயம், பெட்ரோல், இவர் சட்டையில் அடிக்கிற நார் வாசம் என்று சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் பட்டியல் நீளமாக இருப்பது எனக்கே தெரிந்தது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பெரிய குரலைச் சின்னதாக்கிக்கொண்டு, “நான் மாட்டு டாக்டர்தாங்க. இருந்தாலும் கேக்கறேன்” என்று ஒன்று கேட்டார்.

அவர் கேட்டதை இங்கே எழுதப் போவதில்லை.

மே 26, செவ்வாய்

மருந்துக்கடை வரைக்கும் போனேன். கடைக்காரர் “என்ன வேணுங்க்கா?” என்றார். இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு இருமல் இல்லை.

மே 28, வியாழன்

இதையும் நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் மில்லுக்குப் போயிருந்தார்.

“அம்மிணி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிர மாட்டியே?”

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

“நீ அந்தக் காபியைக் கொட்டுன அன்னிக்கே எனக்குப் பட்டுது. தாமு வயித்துல இருந்தப்ப எனக்கு அரிசி கொதிக்கற வாசமே ஆகாது. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துது. ஒருக்கா கேட்டு உன்ற மனசை நோகடிச்சேன். இனி நானாக் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். ஆனா நாயும் போயி, நீயும் இப்படி வாடிக் கெடக்கறே. எப்படியும் இருக்கட்டும், வா, ரெண்டு பேரும் போயிட்டு வந்தரலாம்.”

“இல்லைன்னு சொல்லீட்டா அத்தை?”

“சொன்னா, வர்ற வழியில ஆளுக்கொரு இளநி குடிச்சுப்போட்டு வரலாம். யாருக்குந் தெரிய வேண்டாம்.”

அவர் அப்படிச் சொன்னதால்தான் எழுந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லேடி டாக்டர். முன்பு ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகளில் கூப்பிட்டது போலவே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது கால் நகரவில்லை. அத்தை முதுகில் கை வைத்துத் தள்ளினார். ஸ்கேன் அறையில் திரையைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு பல்லி. அந்தப் பல்லியைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. குதிரை வேகமாக ஓடுகிற மாதிரி. மிஷின் ஏதோ ரிப்பேர் என்று நினைத்தேன்.

“இதயத் துடிப்பு நல்லா இருக்குதுங்க” என்றார் டாக்டர்.

கதவருகே நின்றிருந்த அத்தை சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. டாக்டரிடம், “வீட்டுல நாய் இருக்கலாங்களா?” என்று கேட்டேனாம். அத்தை சொன்னார்.

“தாராளமா இருக்கலாம். ஊசியெல்லாம் போட்டு, உண்ணி இல்லாம சுத்தமா வெச்சுக்கங்க. தொட்டாக் கையைக் கழுவுங்க. நீங்க தண்ணி வாளி தூக்க வேண்டாம், ஈரத்துல நிக்க வேண்டாம்.”

வரும் வழியில் இளநீர் குடித்தோம். அது மட்டும் நாறவில்லை.

நேராக மில்லுக்குப் போனோம். இவர் தலை, புருவம், மீசையெல்லாம் நார்த்தூசியாக வெளியே வந்தார். அத்தை அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, கயிற்றுக் கட்டுகளைப் பார்ப்பது போல நடித்தார். நான் சொன்னேன். இவர் ஒரு கயிற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். குனிந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டார். நிமிர்ந்தபோது முகத்துத் தூசியில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன.

“அப்ப போண்டா நாறலையா?” என்றார்.

“இல்லீங்க.”

“பாவம் சுகுணா அவன்.”

மே 31, ஞாயிறு

போண்டாவைக் கூட்டிவர விடிந்ததும் உடுமலைக்குப் போனார். பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார். “ஐயோ, என்னடா தாமு இது!”

சம்பத்தின் தோப்பில் சாணக் குழி ஒன்று இருக்கிறது. போண்டா அதில் ஒன்பது நாளும் குடியிருந்திருக்கிறது. காதிலிருந்து வால்வரை பச்சை. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். போண்டாவோ வேனிலிருந்து குதித்து, வீட்டுக்குள் ஓடி, இவருடைய செருப்பைத் தேடிக்கொண்டு வந்தது.

எனக்குக் குமட்டியது. ஆனால் இந்த முறை ஊரே என்னோடு சேர்ந்து குமட்டியது. சிரித்துக்கொண்டே வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

அத்தை எனக்குப் பின்வாசல் படிக்கு மேலே, காற்று வருகிற பக்கமாக, நாற்காலி போட்டுக் கொடுத்தார். “அங்கிருந்து சொல்லு. செய்யறது நாங்க.” நான் வகுப்பில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ந்த சாணத்தை முதலில் சீவி எடுங்க. காதுல பஞ்சு. மேட்டை நேராப் போடுங்க. ஷாம்புவைக் கலக்கி ஊத்துங்க. கண்ணுல படாமப் பாத்து. இரண்டாம் முறை நுரை போட்ட பிறகுதான் உள்ளே இருந்த போண்டா வெளியே தெரிந்தது.

இவர் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, ஒரு கையால் அதன் காது இரண்டையும் மடித்து மூடிக்கொண்டு, இன்னொரு கையால் மெதுவாகத் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு மக்கையும் ஊற்றுவதற்கு முன் தன் மணிக்கட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். முதல் மக்குக்குப் பார்த்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். போண்டா கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

அத்தை துண்டு எடுக்க உள்ளே போனார். இவர் நாயை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

“பாத்ரூமுக்கு ஒரு ஹீட்டர் மாட்டோணும் சுகுணா.”

“இந்த வெயில்லயா?”

“இப்பக் கேட்டாத்தான் ஆள் வந்து மாட்டித் தருவாங்க.” மக்கை வாளியில் முக்கினார். “லேடி டாக்டர் குறிச்சுக் குடுத்த தேதி மார்கழியில வருது. அப்பத் தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்.”